மோட்டார் இயந்திரத்தினுள் ஈரம்: அறியும் விதம்

ஐக்கிய சங்கத்து மோட்டார் வண்டியில் எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியடியில் வெண்ணெய் போன்ற பசை காணப்பட்டால், இயந்திரம் கெட்டதென அங்கத்தினர் உடனே அஞ்சவேண்டுவதில்லை. அலட்சியம் செய்வதும் தகாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறுபாகம் பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டியை அடைகிறது. நெடுந்தூர ஓட்டத்தின் உஷ்ணத்தில் அது வெளியேறிவிடும். வண்டி சிறுதூரமே ஓடி நிற்குமாயின், குளிர்ந்த மூடியில் நீராய்ப் படிந்து எண்ணெயுடன் கலக்கும்.

பரீக்ஷிக்கும் முறை பின்வருமாறு:

1. இயந்திரம் ஆறியபின் அளவுகோலையும் ரேடியேட்டரையும் பார்க்கவேண்டும். கோலில் எண்ணெய் தெளிவாயும், ரேடியேட்டர் ஜலம் குறையாமலும் இருந்தால் அது ஆவியின் ஈரமே. வாரந்தோறும் அரைமணிக்குக் குறையாத ஓட்டமும், ஆவிபோக்கும் குழாயைச் சுத்தி செய்தலும், எண்ணெயை மாற்றுதலும் போதும்.

2. கோலின் எண்ணெயே பால்கலந்த காப்பி நிறமாகி, ரேடியேட்டர் ஜலமும் குறைந்துவந்தால், சிலிண்டர் தலையின் காஸ்கட் முதலிய இடங்களில் கசிவு உண்டு. பழுது பார்க்கும்வரை வண்டியை ஓட்டலாகாது.

3. சந்தேகமிருப்பின், காய்ந்த இரும்புத் தகட்டில் அவ்வெண்ணெயில் ஒரு துளி விடுக. படபடவென வெடித்தால் ஜலம் கலந்துள்ளது.

ஜலம் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். முதற்குறியிலேயே கவனித்தால் எண்ணெய்ச் செலவோடு முடியும்; கவனியாவிடில் அங்கத்தினரின் பொதுப்பணமே கரையும்.