புலால் மறுத்தல்: ஒரு சிலநாட் பயிற்சி

திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அருளுடைமைக்குப் பின்னும் தவத்துக்கு முன்னும் அது வைக்கப்பட்டுள்ளது. அருள் உள்ளத்தின் இயல்பு. தவம் தன்னை அடக்கும் முயற்சி. உள்ளத்தில் உள்ள அருள் செயலாகித் தவத்துக்கு வழிகாட்டுமிடம் உண்கலமே என்பது இவ்வைப்பு முறையால் உணரத்தக்கது.

இவ்வாறு யான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, நீங்கள் மச்சம் சாப்பிடுவதில்லையோ?" என்று பணிவுடன் கேட்டான். வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் ஒழிந்த நாள்களில் உண்பேன் என்றேன். "நல்லூர்த் திருவிழா 25 நாளும் விட்டுவிட்டு, மறுநாள் சந்தைக்கு ஓடுவதால் என்ன பயன் ஐயா?" என்று மீண்டும் வினவினான். விடை கூற இயலாது மணியடிக்கும்வரை காத்திருந்தேன்.

அவ்வினாவில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பல இல்லங்களிற் கொடியேற்றத்துக்கு முன் வீடு கழுவி, மச்சச் சட்டிகளை ஒதுக்கிவைப்பது வழக்கம். எங்கள் வீட்டிலும் அவ்வாறே. ஆயினும் அதுவரை அவ்விரதத்தை வீடு அனுட்டித்ததேயன்றி யான் அனுட்டிக்கவில்லை. வெளியே உண்ணுமிடங்களில் எனக்கு நானே விலக்களித்துக் கொள்வேன். அவ்வாண்டு 25 நாளும் வழுவாது காப்பதென உறுதி பூண்டேன்.

முதல் வாரம் துன்பமாய்க் கழிந்தது. பருப்பையும் கீரையையும் ஒதுக்கி, சோற்றையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் அப்பளத்தையுமே உண்டேன். விரைவிற் பசித்தது, மாலையிற் சோர்வும் சினமும் மிகுந்தன. பழியை விரதத்தின்மேற் சுமத்தினேன். அன்னையார் கேட்டார்: "மீனை எடுத்துப்போட்டாய் தம்பி, அந்த இடத்தில என்னத்தை வைச்சாய்?" நூல்கள் சில கற்ற எனக்கு இவ்வினா தோன்றவில்லை.

மீன் தருவது புரதம். அதனை வேறொன்று தரல் வேண்டும். உலர்ந்த பயறு, உழுந்து, கடலை என்பவற்றின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொன்று முதல் நாலிலொன்றுவரை புரதமாகும். அரிசியின் புரதத்தில் லைசீன் என்னுங் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெதியோனைன் குறைவு. அரிசி அதனை ஈடுசெய்யும். ஆதலின் சோறும் பருப்பும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அரிசியும் உழுந்தும் கலந்த தோசைக்கும் இஃதொக்கும்.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ப் புளி சேர்த்துண்டால், அதிலுள்ள உயிர்ச்சத்து 'சீ' துணைசெய்யும். உணவோடு தேநீர் அருந்தின் தடைப்படும். உயிர்ச்சத்து 'பீ 12' தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதன்று. பாலும் தயிரும் அதனைத் தரும். ஈரலில் அதன் சேமிப்பு இருத்தலின் நலமுடையோர்க்குச் சில வாரங்களிற் குறை நேராது. பாலையும் விலக்கி நெடுங்காலம் உண்ண விரும்புவோரும், கருவுற்ற தாய்மாரும், நோயாளரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

பின்னர்ச் சோர்வு நீங்கிற்று. அப்போது மற்றொன்று கண்ணிற் பட்டது. விடியுமுன் எழுந்து பயறு அவித்து, கீரை ஆய்ந்து, தேங்காய் துருவியவர் என் மனைவியார். விரதம் என்னுடையது, உழைப்பு அவருடையது! அன்றுமுதல் கீரை ஆய்தலும் தேங்காய் துருவுதலும் என் பணியாயின. பிறர் கைவருந்த யாம் நோற்கும் நோன்பு அருளின்பாற் படுமோ என்பது சிந்திக்கற்பாலது.

திருவிழா முடிந்தபின் மீன் வாங்கினேன்; அதனை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முன்னையிற் பாதியே போதுமாயிருந்தது. இன்று கிழமைக்கு இரண்டு நாள்களே எம் வீட்டில் மச்சம். நாக்கின் தேவை எது, வழக்கம் எது என்று பிரித்தறிய 25 நாள்கள் போதியனவாயின. சிலநாள் விரதத்தின் பயன் இதுவே எனக் கருதுகின்றேன்.

இதனை அம்மாணவனிடம் கூறினேன். "அப்படியென்றால் முழுதும் விடுவது எப்போது ஐயா?" என்றான். இவ்வினாவுக்கு இன்னும் விடை தேடுகின்றேன். பழைய மாணவ அன்பர்களே, எந்நாட்டில் வாழினும் பத்து நாளேனும் முயன்று பாருங்கள். தொடங்குமுன் அன்னையாரின் வினாவை மட்டும் மறவாதீர்கள்.