வீடு முழுக்க ஒரே கலர்: சாம்பல் கலந்த சந்தனம் காசை எங்கே மிச்சப்படுத்துது?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல நம்ம தலையில வந்து விழுற பெரிய செலவுகள்ல ஒண்ணு, அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறது. தங்கச்சி கல்யாணம், பொங்கல், புதுசா வாங்கின ஃபிளாட்னு ஏதாவது ஒரு காரணம் வரும். இப்போ கடைக்குப் போனா 'கிரேஜ்' காட்டுறாங்க. கிரே பாதி, பேஜ் பாதி. நம்ம பேச்சுல சொன்னா சாம்பல் கலந்த சந்தனக் கலர். ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாத்துக்கும் இதையே அடிச்சா காசு மிச்சமாகுமா? ஆகும். ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்லை.

வில்லாபுரத்துல ஒரு 2 பெட்ரூம் வீடுன்னு வைங்க. சீலிங் வெள்ளை, அதை விட்டுடலாம். ஹால் சுவர் 650 சதுர அடி, ஒரு பெட்ரூம் 450, இன்னொண்ணு 400, கிச்சனும் நடையும் சேர்த்து 400. ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் சுமார் 130 சதுர அடி வரும்னு கணக்குப் போடுவோம். டப்பா 1, 4, 10, 20 லிட்டர்னுதான் கிடைக்கும். நாலு இடத்துக்கு நாலு கலர்னா 5, 4, 4, 4 ஆக 17 லிட்டர் வாங்கணும். ஒரே கலர்னா 10, 4, 1 ஆக 15 போதும். லிட்டர் 350 ரூபாய்னு வைத்துக்கொண்டால் மிச்சம் 700 ரூபாய். பெரிய டப்பாவில் லிட்டர் விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பட்டி, பிரைமர், பெயிண்டர் கூலி எல்லாம் சேர்ந்த எஸ்டிமேட்டில் இது டீச் செலவு.

உண்மையான மிச்சம் ரெண்டு வருஷம் கழிச்சு வருது. சோபாவுக்குப் பின்னாடி எண்ணெய்த் தலை சாய்ச்ச கறை, ஸ்விட்ச் போர்டைச் சுத்தி விரல் அழுக்கு, அக்கா பையன் கிறுக்கின சுவர். நாலு கலர் வீட்டில் எந்த அறைக்கு எந்த நம்பர்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசியில, 'எல்லாத்தையும் சேர்த்து அடிச்சிடலாம் சார்'னு முடியும். ஒரே கலர்னா 120 சதுர அடி சுவரை மட்டும் 1 லிட்டரில் முடிக்கலாம். கறை இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் தனியா தெரியும். மூலைக்கு மூலை முழுச் சுவரா அடிக்கணும். அதுக்கு டப்பா மேல இருக்கிற ஸ்டிக்கரை, அதாவது கம்பெனி, ரகம், கலர் நம்பர், பேஸ் எல்லாம் தெரியிற மாதிரி, இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. மீதியை மொட்டைமாடி ரூம்ல போடாதீங்க. மதுரை வெயில்ல வீணாயிடும்.

இந்தக் கலருக்கு நம்ம ஊர்ல ஒரு நியாயம் இருக்கு. திருமங்கலம் பக்கம் கரிசல் மண். ஆடிக்காத்துல ஜன்னலைத் திறந்து வெச்சா வெள்ளைச் சுவர் ஒரு வருஷம் தாங்காது. சாம்பல் சந்தனத்துல தூசி அவ்வளவா தெரியாது. ஆனா ரெண்டு வீட்டுச் சுவரும் ஒட்டி நிக்கிற தெருவில், பகல்லயே லைட் போடுற உள் அறைக்கு இது வேண்டாம். இந்த வகைக் கலர்கள் பலதும் விழுற வெளிச்சத்துல 60 சதவீதம் போலத்தான் திருப்பும், நல்ல வெள்ளை 80-க்கு மேல. இன்னொண்ணு, 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டில் இது பூசாத சிமெண்ட் மாதிரி தெரியலாம். மெஷின்ல கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால முதல்ல 1 லிட்டர் வாங்கி, சுவர்ல ரெண்டடிக்கு அடிச்சு, ராத்திரி லைட் போட்டுப் பாருங்க.

மார்கழியில பெயிண்டர் கிடைக்கிறதே கஷ்டம், மழை ஈரமும் சுவர்ல இருக்கும். மாசி, பங்குனிதான் சரி. அதுவரைக்கும் மாசாமாசம் சேர்க்கலாம். 70,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் 15 சதவீத வட்டிக்கு 12 மாச இ.எம்.ஐ. போட்டா வட்டி மட்டும் சுமார் 5,800, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சுமார் 1,050. ஒரே கலர்ல மிச்சம் பிடிச்ச அந்த 700 எங்க போச்சுன்னே தெரியாது.

வாடகை வீட்டுல இருக்கீங்களா? காலி பண்ணும்போது 'பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை'ன்னு அட்வான்ஸில் பிடிக்கிற வழக்கம் இருக்கு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வெள்ளையடிக்கிறது ஓனர் பொறுப்பு. சுவரை நீங்க சேதப்படுத்தியிருந்தா கதை வேற. அதனால குடிபோகிற அன்னைக்கே ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிடுங்க. ஓனர் சம்மதம் இல்லாம நீங்களா கலர் மாத்தாதீங்க; எவ்வளவு நல்ல சந்தனமா இருந்தாலும் சரி.