இணையமும் ஒலிபெருக்கியும்

கிராமங்களில் பணியாற்றும் அமைப்புகள் பலவற்றில் இன்று கணினியும் இணைய இணைப்பும் உள்ளன. வாட்ஸ்அப் குழுவும் முகநூல் பக்கமும் கூட உண்டு. ஆயினும் அவற்றில் வெளிவருபவை பெரும்பாலும் எமது கூட்டங்களின் படங்களே. நன்கொடை வழங்குவோர் அவற்றைப் பார்த்து மகிழலாம். கிராமத்து மக்களுக்கு அவற்றால் கிடைக்கும் பயன் என்ன? இக்கேள்விக்கு விடை காண உதவும் இரு அனுபவங்களை நோக்குவோம்.

கொத்மலையில்

கொத்மலைப் பகுதி மக்களுக்கான சமூக வானொலி 1989இல் ஆரம்பிக்கப்பட்டது. யுனெஸ்கோவின் ஆதரவுடன் 1999இல் அவ்வானொலி நிலையம் இணையத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்நாளில் கிராம வீடுகளில் கணினி இல்லை. இணையத்தில் இருந்தவையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. எனவே நேயர்கள் தமது கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, துறைசார்ந்தோரின் உதவியுடன் மக்களுக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பினர். கணினியைக் கையால் தொடாதவரும் இவ்வாறு பயன்பெற்றனர்.

புதுச்சேரியில்

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. நிறுவனம் கருவிகளைக் கொடுத்தது. ஊரார் இடத்தையும் தொண்டர்களையும் கொடுத்தனர். சாதி வேறுபாடின்றி எல்லோரும் நிலையத்துக்கு வரலாம் என்பது நிபந்தனை. தொண்டர்களில் பலர் பெண்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது கடலின் நிலை பற்றிய செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தார்கள்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அழைத்தவர் அவ்வூரைச் சேர்ந்தவர். தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் தப்பினர். அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்காக வைக்கப்பட்டதன்று. அன்றாடச் செய்தி கேட்டுப் பழகியிருந்த ஊர், ஆபத்து வேளையிலும் அந்தக் குரலை நம்பியது.

நாம் கற்பவை

1. கேள்வி ஊரிலிருந்து வரவேண்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியை வைத்து, ஒரு மாதம் மக்கள் கேட்பவற்றை எழுதுவோம். மரக்கறி விலை, பயிர் நோய், விண்ணப்பப் படிவம் என எதுவாயினும் சரி. அதன் பின்னரே எந்தக் கருவி தேவை என்று தீர்மானிப்போம்.

2. விடையைச் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் பொய்யும் உண்டு. பயிர் பற்றியதாயின் விவசாயப் போதனாசிரியரிடமும், உடல்நலம் பற்றியதாயின் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டுவிட்டே அறிவிப்போம்.

3. கடைசி வீடுவரை கொண்டுசெல்ல ஆள் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இட்டவுடன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதென்று எண்ணலாகாது. கைத்தொலைபேசி கணவனின் சட்டைப் பையில் இருந்தால் செய்தி மனைவியை எட்டாது. தோட்டத்து லயத்திலும் கரையோரக் குடிசையிலும் யார் சென்று சொல்வார் என்பதையும் எழுதிவைப்போம்.

4. மக்களின் மானத்தைக் காக்க வேண்டும். உதவி பெறுவோரின் படம், அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் ஆகியவற்றைக் குழுவில் இடலாகாது. இன்று இடுவதை நாளை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது.

இணையம் ஒரு கிணறு போன்றது. வாளியும் கயிறும் இல்லாதவருக்குக் கிணற்றடியில் நின்றாலும் தாகம் தீராது. கொத்மலையில் வானொலியும் புதுச்சேரியில் ஒலிபெருக்கியும் கயிறாயின. எமது ஊரில் அது எது?

கலந்துரையாடலுக்கு

- சென்ற மாதம் எமது குழுவில் இட்ட செய்திகளில் மக்களின் கேள்விக்கு விடையாக அமைந்தவை எத்தனை?
- எமது செய்தி எட்டாத வீடுகள் எவை? ஏன்?
- அவசர வேளையில் ஊரார் யாருடைய குரலை நம்புவார்கள்?