ஜூடோ உடை வாங்குமுன்

கல்லூரி ஆண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்திலே ஜூடோ வகுப்பில் பெயர் கொடுக்கும் நம் மாணவர் பலர், உடை வாங்கக் கடைக்குச் சென்றதும் திகைத்து நிற்கின்றனர். கடைக்காரர் எடுத்துப் போடும் வெள்ளைச் சட்டைகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. விலையிலோ பெரும் வேறுபாடு! விடுதிக் கட்டணம் போக எஞ்சிய பணத்தில் வாங்குபவர் மலிவானதை எடுப்பது இயல்பே. ஆனால் அவ்வாறு மலிவாய்க் கிடைப்பது பெரும்பாலும் கராத்தே உடை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கராத்தேயில் குத்தும் உதையும் முதன்மையானவை. வீச்சுக்குத் தடையில்லாத மெல்லிய துணி அதற்குப் போதும். ஜூடோவில் சட்டையே பிடி. எதிராளி ஒரு கையால் கழுத்துப் பட்டியையும், மறு கையால் முழங்கைப் பக்கத்துத் துணியையும் பற்றி, நம் உடம்பின் பாரம் முழுவதும் அத்துணியில் தொங்கும்படி இழுத்து வீழ்த்துகிறார். மெல்லிய சட்டை இதைத் தாங்காது. தோளிலோ அக்குளிலோ தையல் பிரியும். பிரிந்த இடத்தில் எதிராளியின் விரல் சிக்கிக்கொண்டால் அவருக்குத்தான் காயம். ஆகவே ஜூடோ உடையில் பாதி உடுத்துபவருக்கு உரியது, பாதி அவரைப் பிடிப்பவருக்கு உரியது என்று கொள்ள வேண்டும். துணி, அளவு, தூய்மை மூன்றையும் இக்கண்கொண்டே பார்க்கலாம்.

நம் நாட்டுக் குஸ்தியில் லங்கோடு கட்டிக்கொண்டு மண்ணில் இறங்குவர், பிடியெல்லாம் உடம்பின்மேல். ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் தொடங்கிய கோடோகான் பள்ளியின் முறை வேறு. தொடக்கத்தில் அங்கும் சட்டைக் கையும் கால்சட்டையும் குட்டையாகவே இருந்தன, பின்னரே நீண்டன. 1929-இல் தாகூரின் அழைப்பை ஏற்று ஷின்சோ தகாகாகி என்னும் ஜப்பானிய ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்பித்தார். பல்கலைக்கழக வளாகமும் ஜூடோவும் இந்நாட்டில் பழைய உறவினர் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனித் துணி. சட்டையின் மேற்பகுதியில் அரிசி மணிகளைப் பரப்பியது போன்ற தடித்த பருத்தி நெசவு இருக்க வேண்டும். இதில் ஒற்றை நெசவு, இரட்டை நெசவு என இரு வகை உண்டு. சர்வதேசப் போட்டிகளில் உடுத்தும் கனத்த துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். புதிதாய்ச் சேர்பவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நம் வெப்பத்தில் அது வியர்வையைக் குடித்துக் கனக்கும். மழைக்காலத்தில் விடுதி மாடியில் இரண்டு நாளானாலும் உலராது. ஈர உடையோடு பாயில் உருளுவதால் படையும் சிரங்கும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். கனத்த உடை ஒன்று வாங்கும் பணத்தில் 450 கிராம் அளவிலான ஒற்றை நெசவு உடை இரண்டு வாங்கி மாற்றி மாற்றி உடுத்துவதே அறிவுடைமை.

அளவு சென்டிமீட்டரில், உடுத்துபவரின் உயரத்தைக்கொண்டு குறிக்கப்படும். பருத்தித் துணி முதற் சில சலவைகளில் சுருங்கும். ஆதலின் 170 செ.மீ. உயரமுள்ளவர் 180 எண்ணை எடுப்பது நலம். முன்பே சுருக்கிய துணியாயின் இது வேண்டியதில்லை, கடைக்காரரைக் கேட்டறிக. கடையிலேயே உடுத்திக் கைகளை நேரே முன்னே நீட்டிப் பாருங்கள். சட்டைக் கை மணிக்கட்டு வரை வர வேண்டும். உள்ளே நான்கு விரல்கள் தாராளமாய் நுழைய வேண்டும். கையைக் குறுக்கியும் இறுக்கியும் தைத்துக்கொண்டால் எதிராளிக்குப் பிடி கிட்டாது என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. போட்டிக்கு முன் நடுவர் அளவுகோல் வைத்துப் பார்ப்பதே இவர்களுக்காகத்தான்!

கால்சட்டைக்கு முழங்காலில் இரட்டைத் துணியும் இடுப்பில் நாடாவும் இருக்கட்டும். பையும் உலோகப் பொத்தானும் ஆகா. இடைக்கச்சையை முடிந்தபின் இரு முனைகளும் 20 முதல் 30 செ.மீ. வரை தொங்க வேண்டும். சட்டையின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றி உடுத்துவது ஜப்பானில் பிணத்திற்கு உடுத்தும் முறை. மாணவியர் உள்ளே வெள்ளைப் பனியன் அணிவர். நீல உடையைச் சர்வதேசச் சம்மேளனம் 1997-இல் ஏற்றது. போட்டிக்குப் போகும்வரை வெள்ளை ஒன்றே போதும்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கும் நண்பர்களும் உளர். அவர்களுடைய சட்டை சற்று ஒட்டினாற்போல் தைக்கப்பட்டது. ஜூடோ உடையில் அப்பயிற்சியைச் செய்யலாம். அந்த உடையில் ஜூடோப் போட்டிக்குச் சென்றால் அளவில் தவறக் கூடும்.

பயிற்சி முடிந்ததும் பையில் சுருட்டி வைக்காமல் அன்றே குளிர்ந்த நீரில் துவைத்துக் காற்றாட உலர்த்துக. வெளுப்புத் தூள் இழையை நலிவிக்கும். கச்சையையும் துவைக்க வேண்டும். துவைத்தால் கற்ற வித்தை போய்விடும் என்பது வெறும் வேடிக்கைப் பேச்சு.

இன்னும் ஒரு வழியுண்டு. படிப்பு முடித்துச் செல்லும் மூத்த மாணவர் தம் உடையைக் குறைந்த விலைக்குத் தருவர். அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும். உடுத்திப் பார்த்தால் மெய்யளவு தெரியும். வாங்குமுன் கழுத்துப் பட்டியையும் அக்குள் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.