தமிழ் எழுத்து கிட்: வாங்கலாமா, நாமே செய்யலாமா? ஒரு பேளுக்குறிச்சி சந்தைக் கணக்கு



ராத்திரி பதினோரு மணி. குழந்தை தூங்கியாச்சு. மரத்தில் செய்த தமிழ் எழுத்து கிட் ஒன்றை போனில் கார்ட்டில் போட்டு வெச்சிருக்கீங்க. விலை 2,400 ரூபாய். கீழேயே "வட்டியில்லாத் தவணை" என்று ஒரு பட்டன். இன்னொரு பக்கம், அட்டைப்பெட்டியை வெட்டி அதே எழுத்துகளைச் செய்து காட்டும் வீடியோ. "வாங்கினா காசு வீண், செய்தா நேரம் வீண்" என்று மூணு நாளா யோசனை ஓடுது.

வீட்டிலேயே குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க நினைக்கிற சம்பளக்காரர் எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும். இன்னைக்கு அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

சந்தையில் யாரும் இப்படிக் கேட்பதில்லை

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. சனிக்கிழமை கூடும் சந்தை மளிகைச் சாமானுக்குப் பேர் போனது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி என்று மொத்தமாக வாங்கிப் போக வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவாங்க.

அங்கே சாமான் வாங்கும் ஒரு அம்மாவிடம் போய், "மசாலாவை வாங்குறீங்களா, வீட்டிலேயே செய்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்க. சிரிப்பாங்க. ஏன்னா அவங்க ரெண்டையும் செய்றாங்க. சாமானைச் சந்தையில் வாங்கி, வீட்டில் காயவெச்சு, அரைக்கிற வேலையை மில்லில் கூலி கொடுத்து முடிக்கிறாங்க. எந்தச் சாமான் எவ்வளவு என்கிற அளவை மட்டும் யார்கிட்டயும் விடுறதில்லை. அந்த வீட்டுக் குழம்பின் ருசி அந்த அளவில்தான் இருக்கு.

எழுத்து கிட்டுக்கும் இதே கணக்குதான். "வாங்குவதா, செய்வதா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் வராது. வேலையைப் பிரிச்சுக் கேட்டால் வரும்.

இந்தக் குழப்பம் மாண்டிசோரிக்கும் வந்தது

மரியா மாண்டிசோரி பெயரில் இன்னைக்கு ஏகப்பட்ட கிட் விற்பனையாகுது. அந்த அம்மையாருக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் கொஞ்ச நாள் கொடைக்கானலிலும் இருந்தார்.

அதற்கு ரொம்ப முன்னால், 1907-இல், ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். முன்பு வேறொரு பள்ளியில் அவர் பயன்படுத்தியது அழகான, விலை கூடிய மர எழுத்துகள். அதே மாதிரி செய்து தர ஆள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. கடைசியில் காகிதத்தில் பெரிய எழுத்துகளை வெட்டினார். விரலால் தடவிப் பார்க்க, உப்புத்தாளில் எழுத்து வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார்.

அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது, மர எழுத்தைவிட இதுதான் மேல் என்று. ஒரே எழுத்தை எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். எழுத்து நிறைய இருந்தால்தான் குழந்தை சொல் கோர்க்க முடியும். மர எழுத்தைத் தேடி ரெண்டு மாசம் வீணாச்சே என்று தன் புத்தகத்தில் அவரே வருத்தப்படுகிறார். கையில் காசு இருந்திருந்தால் அந்தப் பழைய மர எழுத்திலேயே நின்றிருப்பேன் என்றும் சொல்கிறார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். கிட் எவ்வளவு அழகு என்று பார்க்காதீங்க. அதை வெச்சுக் குழந்தை எத்தனை சொல் செய்ய முடியும் என்று பாருங்க.

தமிழுக்கு எத்தனை துண்டு வேணும்?

தமிழில் மொத்தம் 247 எழுத்து. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் பயந்து "வாங்கு" பட்டனை அழுத்துறாங்க. ஆனால் 247 துண்டு தேவையே இல்லை.

உயிர் எழுத்து 12, ஆய்தம் 1.
க, ங, ச வரிசையில் அகர எழுத்து 18.
குறிகள் 7: புள்ளி, கால், கொம்பு ரெண்டு (ெ, ே), ஐகாரக் குறி (ை), இகரக் குறி (ி), ஈகாரக் குறி (ீ).
கு, கூ மாதிரி உகர, ஊகார எழுத்து 36. இதில் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், தனியாகத்தான் செய்யணும்.
டி, டீ ஒட்டி வருவதால் இன்னும் 2.

கூட்டினால் 76 வடிவம். கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்தே வந்துவிடும். கௌ எழுத, கொம்போடு ள துண்டைச் சேர்த்தால் போதும். "அப்பா", "பட்டம்" எழுத ஒரே எழுத்து ரெண்டு வேணும் என்பதால் அகர எழுத்தில் இன்னொரு 18, கூடுதல் புள்ளி 4. மொத்தம் 98. நூறு துண்டு என்று வெச்சுக்கலாம்.

வாங்குபவர்களும் இந்தக் கணக்கைக் கையில் வெச்சுக்கோங்க. உயிர், மெய், ஆய்தம் என 31 துண்டு மட்டும் உள்ள கிட்டை வெச்சு "மாடு" என்று எழுத முடியாது. ஏன்னா அதில் காலும் இல்லை, டு-வும் இல்லை. அப்படிப்பட்ட கிட் ஷோகேஸ் பொம்மை மாதிரிதான். வாங்கும் முன் துண்டுகளின் பட்டியலைப் படிங்க.

மூணு வழி, மூணு கணக்கு

கீழே உள்ள விலையும் நேரமும் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை போடுங்க. கைக்கு வரும் சம்பளம் மாசம் 28,000, வேலை 200 மணி நேரம் என்று வெச்சுக்கலாம். ஒரு மணிக்கு 140 ரூபாய்.

முழுசா வாங்கினால்: 2,400 ரூபாய், நேரம் பூஜ்யம்.
முழுசா நாமே செய்தால்: பொருள் 350 ரூபாய், நேரம் 14 மணி. நேரத்தின் மதிப்பு 1,960. மொத்தம் 2,310.
பிரிச்சுச் செய்தால்: பொருளும் கடைக் கூலியும் 800 ரூபாய், நேரம் 4 மணி. நேரத்தின் மதிப்பு 560. மொத்தம் 1,360.

"நாமே செய்தால் சும்மா வரும்" என்று நினைச்சது 2,310-இல் வந்து நிற்குது பாருங்க.

ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு யாரும் உங்களுக்கு மணிக்கு 140 ரூபாய் தரப் போறதில்லை. அந்த நேரத்தில் ட்யூஷனோ ஃப்ரீலான்ஸோ செய்து சம்பாதிக்கிறவர் என்றால் முழு மதிப்பையும் போடுங்க. போனைத் தள்ளிக்கிட்டு இருக்கிற நேரம் என்றால் பூஜ்யம் போட்டாலும் தப்பில்லை. நேர்மையா போடணும், அவ்வளவுதான்.

இன்னொரு செலவை யாரும் எழுதுவதில்லை: பாதியில் விடுறது. உற்சாகமா ஆரம்பிச்சு ஊ வரைக்கும் வெட்டி, அப்புறம் பீரோ மேலே ஏறிய அட்டைப்பெட்டி எத்தனை வீட்டில் இருக்கு! முடிக்காத கிட்டுக்கு எவ்வளவு கம்மியா செலவு பண்ணியிருந்தாலும் அது நஷ்டம்தான். கைவேலை உங்களுக்கு வராது என்று தெரிந்தால் அதையும் கணக்கில் சேருங்க.

வாங்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு. மர கிட் ரெண்டாவது குழந்தைக்கும் ஆகும், பிறகு விற்கவும் முடியும். 1,000 ரூபாய்க்கு விற்றால் நிகரச் செலவு 1,400. பிரிச்சுச் செய்வதற்குச் சமமா வந்துடுச்சு. ரெண்டு பிள்ளை உள்ள வீட்டுக்கு வாங்குவது தப்பே இல்லை. ஆனால் ரொக்கமா வாங்குங்க. வட்டியில்லாத் தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி நம்ம தலையில்தான் விழும். பல கார்டுகளில் பிராசசிங் கட்டணமும் உண்டு.

எதை வாங்கணும், எதைக் கூலிக்கு விடணும், எதை நாமே செய்யணும்?

*வாங்குங்க:* ஆங்கில எழுத்து. வெறும் 26 எழுத்து, உலகம் முழுக்க ஒரே அச்சில் லட்சக்கணக்கில் தயாராகுது. ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். அதை உட்கார்ந்து வெட்டுவது நேர விரயம். பொம்மையா விற்கிற எதை வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா பாருங்க. 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம்.

*கூலிக்கு விடுங்க:* 98 துண்டையும் பெரிய எழுத்தில் டைப் செய்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட், லேமினேஷன். தடவிப் பார்க்கும் அட்டைக்கு, மரக்கடையில் மிச்சம் விழும் பிளைவுட் துண்டை ஒரே அளவில் அறுத்து, ஓரத்தை இழைச்சுத் தரச் சொல்லுங்க. மெஷின் பத்து நிமிஷத்தில் முடிக்கும் வேலைக்கு நாம் ஒரு நாளைக் கொடுக்க வேண்டாம்.

*நீங்களே செய்ங்க:* உப்புத்தாள் எழுத்து. 120 அல்லது 150 நம்பர் தாள் போதும், ரொம்ப சொரசொரப்பு வேண்டாம். தாளின் பின்பக்கம் எழுத்தைத் தலைகீழாக இல்லாமல், கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாற்றி வரைந்து, பழைய கத்தரிக்கோலால் வெட்டுங்க. உயிருக்கு ஒரு கலர் அட்டை, மெய்க்கு இன்னொரு கலர்.

*காசே கொடுக்காதீங்க:* மணல் தட்டு. திண்ணைப் பள்ளியில் நம்ம தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைகள் மணலில்தான் எழுதிப் பழகினாங்க. 1789-இல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அதன் வழியே மணலில் எழுதும் பழக்கம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. இன்னைக்கு அது புதுப் பேரோடு பெட்டியில் வருது. நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டும் ரெண்டு கை ரவையும் போதும். எழுத்து மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்லலாம். மூணு வயசுக்குக் கீழே என்றால் கொட்டை, பொத்தான், சின்னப் புள்ளித் துண்டு எதுவும் கைக்கு எட்ட வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முதல்ல நாலு எழுத்து

மியூச்சுவல் ஃபண்டில் மொத்தப் பணத்தையும் முதல் நாளே போடுவீங்களா? இங்கேயும் வேண்டாம். ட, ப, ம, ர, கூட ஒரு புள்ளி. இதில் படம் வந்துடும். ம-வில் இன்னொன்று வெட்டினால் மடம், மரம். ட-வில் இன்னொன்றும் புள்ளியில் இன்னொன்றும் வெட்டினால் பட்டம். செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும்.

ரெண்டு வாரம் தினமும் பத்து நிமிஷம் உட்காருங்க. குழந்தை தானா எடுத்து விளையாடினால் அடுத்த செட். தொடவே இல்லையா? நஷ்டம் ஐம்பது ரூபாயோடு நின்றது. ஒரு மாசம் விட்டு மறுபடி பாருங்க. 2,400 ரூபாய் கிட் இருபது நாளில் மூலைக்குப் போனால் ஒரு நாள் செலவு 120 ரூபாய். 1,360 ரூபாய் கிட் நூறு நாள் ஓடினால் ஒரு நாளைக்கு 14 ரூபாய்கூட ஆகாது.

பெரிய செலவு கிட் இல்லை

இவ்வளவு கணக்கும் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு. இதைவிடப் பெரிய தொகை ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கு. வீட்டுக் கல்விக்காக உங்க ரெண்டு பேரில் ஒருத்தர் வேலையை விட்டால், மாசம் 28,000 வீதம் ரெண்டு வருஷத்தில் 6,72,000 ரூபாய். கூடவே நிறுவனம் போடும் 12% பிஎஃப் பங்கும் நிற்கும், ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் போகும். பெரும்பாலும் யாருடைய சம்பளம் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். அதனால் அந்த முடிவை அவங்ககிட்ட கேட்காமல் எடுக்காதீங்க.

வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லலை. கிட்டுக்கு மூணு நாள் யோசிச்ச நாம், இதற்கு மூணு மாசமாவது யோசிக்கணும். நடுவழியும் இருக்கு. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி இலவசம். பகலில் அங்கே, சாயங்காலம் அரை மணி வீட்டில் இந்த எழுத்துகளோடு. அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் இலவசம். சம்பளம் நிற்காமலே குழந்தை படிக்கும்.

சரி, வர்ற சனிக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். கார்ட்டில் இருக்கும் கிட்டை அப்படியே விடுங்க. ஒரு உப்புத்தாள், ஒரு அட்டை, நாலு எழுத்து. வெட்டும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைங்க, பசை தடவுற வேலையை அதுகிட்ட கொடுங்க. "ம எங்கே?" என்று அது தேடி எடுத்து வந்து உங்க கையில் கொடுத்தால், மீதித் துண்டுகளுக்குத் தாராளமா செலவு பண்ணலாம்.