செவிக் கருவியும் அதன் பின்செலவும்

வர்த்தகம் நாவினால் நடைபெறுவது. விலை சொல்லி, பேரம் பேசி, கொடுத்தேன், ஏற்றேன் என்று முடிப்பதே நமது அன்றாடத் தொழில். செவியும் நாவும் உதவாத ஓர் ஏழையின் நிலையை உணர்வதற்கு வர்த்தகரைவிடத் தகுதியுடையோர் எவர்?

ஷரீஅத் இவர்களை மறந்துவிடவில்லை. ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்பின்படி விற்றல் வாங்கலுக்கு ஈஜாப், கபூல் என்னும் வாய்ச்சொல் அவசியம். அத்துணைக் கண்டிப்புள்ள சட்டமே, வாய் பேச இயலாதவர் விளங்கும்படி காட்டும் சைகையைச் சொல்லுக்குச் சமமாக ஏற்றுக்கொள்கிறது. அவரது நிக்காஹும் அதனால் நிறைவேறும். ஹனபிச் சட்டப்படி 1869 முதல் 1876 வரை உதுமானியர் தொகுத்த மஜல்லாவிலும் இவ்விதி உண்டு. கடனை எழுதி வைக்கப் பணிக்கும் திருமறை வசனத்திலோ (2:282), கடன் பெற்றவர் தாமே வாசகம் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்று வருகிறது. ஆகவே அவர் ஒப்பந்தத்தில் ஒரு கட்சிக்காரர். கடை வாசலில் சில்லறை வாங்கிப் போகிறவர் மட்டுமல்லர். உதவி செய்யப் புகுவோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பிறவியிலேயே வாய் பேசாதவர் எனப்படுவோரில் பெரும்பாலோருக்கு நாவில் குறையில்லை. காது கேளாததால் பேச்சுப் பழகவில்லை, அவ்வளவே. அதனாலேயே பிறந்த 1 மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் குறையின் அளவை அறிதல், 6 மாதத்திற்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கின்றனர். மொழி பதியும் பருவம் கடந்தபின் வரும் உதவி, எத்துணைப் பெரிதாயினும், முழுப்பயன் தருவது அரிது.

நம்மவர் வழக்கமாகச் செய்வது யாது? ரமலானில் ஒரு கூட்டம் கூட்டிச் செவிக் கருவி ஒன்றை வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். படம் சங்க மண்டபச் சுவரில் தொங்குகிறது. கருவியோ சில மாதங்களில் அலமாரிக்குள் உறங்கப் போய்விடுகிறது. பெற்றோரின் அசட்டை என்று சொல்லிவிடுவது எளிது. கணக்குப் பார்த்தால் வேறு விதமாக விளங்கும். பொத்தான் அளவுள்ள பாட்டரியில் இயங்கும் கருவியாயின், அந்தப் பாட்டரி ஏறக்குறைய ஓரிரு வாரமே உழைக்கும். பிள்ளையின் காது வளர வளர, உள்ளே பொருந்தும் அச்சு தளர்ந்து சீழ்க்கை போன்ற இரைச்சல் எழும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்சு வார்க்க வேண்டும். நமது நாட்டுப் புழுக்கமும் வியர்வையும் கருவிக்குப் பகை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. அதற்காகத் தாய் பிள்ளையை அழைத்துச் செல்லும் நாளெல்லாம் நாட்கூலி போயிற்று; பஸ் கட்டணம் வேறு. தராசை வாங்கி வைத்துவிட்டுப் படிக்கல் வாங்காமல் கடை திறப்போர் நம்மில் உண்டா?

ஜக்காத்தைச் சிங்கப்பூரில் 1968-ல் அமைந்த முயிஸும், மலேசியாவில் மாநில சமய அமைப்புகளும் கவனிக்கின்றன. திருமறை (9:60) கூறும் எட்டு வகையாரில் காது கேளாதோர் என்று தனி வகை இல்லை. வறியவர் என்ற முறையிலேயே அவர் சேர்வார். விண்ணப்பத் தாளை நிரப்பவும், அலுவலகத்தில் உடன் நின்று பேசவும் ஆளின்றித் தயங்கும் குடும்பத்திற்கு அந்த ஆளாக நிற்பதும் சதக்காவே.

கருவியால் பயன்பெறாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழியே மொழி. கைகாட்டிப் பழகினால் வாய் திறவாது என்று அஞ்சி அதனைத் தடுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர். இது வீண் அச்சம். பினாங்கில் காது கேளாதோருக்கான பள்ளி 1954-லேயே தொடங்கிற்று. மலேசியச் சைகை மொழிக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரம் அளித்திருக்கிறது.

ஒரு கடை ஒரு பிள்ளையின் பாட்டரி, அச்சு, பஸ் கட்டணம் ஆகியவற்றை ஏற்றுப் பேரேட்டில் மாதந்தோறும் பற்று எழுதி வரலாம். பிள்ளை வளர்ந்து வேலை தேடி வரும்போது கிட்டங்கியில் சரக்கு எண்ணி அடுக்கக் கண்ணும் கையும் போதும். அவரிடம் பேசுகையில் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நில்லுங்கள். எண்ணிக்கையையும் விலையையும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.