தனிவழியில் வாகனத்தைப் பறிகொடுக்காமல் இருக்க

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியிலோ, புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணி போகும் வீதியிலோ இருட்டிய பிறகு ஓட்டோ ஓட்டியவர்களுக்கு அந்தத் தனிமை தெரியும். இரு பக்கமும் காடு. சில இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடையாது. எதிரே ஒரு லொறி வந்தால் மனம் ஆறுதல் அடையும். மீளக்குடியேறிய குடும்பங்களில் பலருக்கு இந்த வீதிகளில் ஓடும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர்தான் வீட்டின் முழு வருமானம். அதுவும் பெரும்பாலும் லீசிங்கில் எடுத்ததாக இருக்கும். வாகனம் பறிபோனாலும் மாதத் தவணை நிற்பதில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை இக்கைநூலில் சேர்த்திருக்கிறோம்.

வாகனக் கடத்தல் பற்றிப் பிற நாடுகளின் பெரிய நகரங்களுக்கென்று எழுதப்பட்ட ஆலோசனைகள் நிறைய உண்டு. கண்ணாடியை உயர்த்திக் கதவைப் பூட்டுங்கள், தடை இருந்தால் வீதியோரத்தால் விலகி வேகமாகப் போய்விடுங்கள் என்று அவை சொல்லும். ஓட்டோவுக்குக் கண்ணாடியும் இல்லை, பூட்டுவதற்குக் கதவும் இல்லை. வீதியோரத்தால் விலகிப் போவது வன்னியில் உயிராபத்தான காரியம். ஆகவே இங்கு பொருந்துவதை மட்டும் பார்ப்போம்.

எப்படி நடக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் மாலையில் இரண்டு பேர் ஓட்டோவில் ஏறுகிறார்கள். புதுக்குடியிருப்புக்கு ஹயர். வாடகையைப் பற்றிப் பேரம் பேசவே இல்லை, கேட்ட காசுக்குச் சம்மதிக்கிறார்கள். பரந்தன் தாண்டி, தருமபுரம் தாண்டி, விசுவமடுவுக்குக் கிட்ட வரும்போது, "அண்ணை, இந்த ஒழுங்கையால ஒருக்கா விடுங்கோ, ஒரு ஆளை ஏத்தவேணும்" என்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு சோடாப் போத்தலை நீட்டிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். போத்தலின் மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

இதில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பேரம் பேசாத நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். வழியில் ஆள் ஏற்றுவதும் வழமைதான். ஆனால் பேரம் பேசாமை, வழி மாறுதல், திறந்த பானம் ஆகிய மூன்றும் ஒரே ஹயரில் சேர்ந்து வந்தால் கவனமாக இருங்கள். ஒழுங்கைக்குள் திருப்ப வேண்டாம். "எனக்கு அந்தப் பாதை தெரியாது, சந்தியில நிப்பாட்டுறன், ஆளை அங்க வரச்சொல்லுங்கோ" என்று சொல்லி, கடையும் வெளிச்சமும் உள்ள சந்தியில் நிறுத்துங்கள். உண்மையான பயணி கொஞ்சம் முறுமுறுத்துவிட்டு இருப்பார். பானத்தை மறுப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வயிறு சரியில்லை என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இரண்டாவது வகை, வீதியில் மறிப்பது. விழுந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள், கைகாட்டும் ஒருவர், குறுக்கே ஒரு மரக்கிளை. எங்கள் பக்கத்தில் மரக்கிளையை யானையும் முறித்துப் போட்டிருக்கும். திருடனோ யானையோ, செய்ய வேண்டியது ஒன்றுதான். தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். கிட்டப் போய் இறங்கிக் கிளையை இழுக்காதீர்கள். ஓட்டோவை தார் வீதியின் அகலத்துக்குள்ளேயே திருப்பிவிடலாம். திருப்பி, கடைசியாகக் கண்ட கடைக்கோ வீட்டுக்கோ போய், வேறு ஒரு வாகனம் வரும்வரை நின்று சேர்ந்து போங்கள். பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தை அப்படித் திருப்ப முடியாது. ஆகவே பெட்டியில் நெல்லோ வீட்டுச் சாமானோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பகலிலேயே காட்டுப் பகுதியைத் தாண்டும் விதமாகப் புறப்படுவது நல்லது.

இதை எழுதும்போது எங்களுக்கே ஒரு தயக்கம் உண்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் தாயை ஏற்றாமல் போகச் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம் அல்ல. அப்படி நாங்கள் சொல்லவும் இல்லை. தெரிந்தவரை ஏற்றுங்கள். தெரியாதவர் காயப்பட்டுக் கிடப்பதுபோல் தெரிந்தால், சற்றுத் தள்ளி இயந்திரத்தை நிறுத்தாமல் நின்று 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் அடுத்த சந்தி வரை போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் உதவிதான்.

மூன்றாவது வகையில் யாரும் மறிப்பதே இல்லை. ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தாமல் போவது அரிது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவதற்குள் பத்து நிமிடம். திறப்பு வாகனத்திலேயே தொங்கும். பிள்ளையாரைக் கும்பிடப் போகும்போதும் திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் என்றால் கைபிடியைப் பூட்டி, சக்கரத்துக்கு ஒரு சங்கிலியும் போடுங்கள். ஓட்டோவுக்கு மின் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு மறைவான சுவிட்சை உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிப் பூட்டலாம். செலவு பெரிதல்ல. அது எங்கே இருக்கிறது என்பதை ஓட்டோத் தரிப்பிடத்தில் பெருமையாகச் சொல்லித் திரியாதீர்கள்.

மறித்துவிட்டால்

கத்தியோ துவக்கோ காட்டி வாகனத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். திறப்பைப் பிடுங்கி எறிவதும், மல்லுக்கட்டுவதும் வேண்டாம். கைகள் தெரியும்படி இருக்கட்டும். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "இறங்குறன்", "பெல்டைக் கழட்டுறன்" என்று. பின்னால் பிள்ளை இருந்தால் முதல் வார்த்தை அதுவாகவே இருக்க வேண்டும்: "பிள்ளை இருக்கு, பிள்ளையை இறக்க விடுங்கோ." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாகனத்தை விட்டு விலகுங்கள். பையையோ போனையோ எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

எந்தப் பக்கம் விலகுவது என்பதுதான் இங்கு முக்கியம். பயத்தில் கால் தானாகவே காட்டுப் பக்கம் ஓடும். ஓடாதீர்கள். போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. முகமாலைப் பகுதியில் மட்டும் அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருட்டில் தெரியாது. பலகை விழுந்தும் இருக்கலாம். வந்த வழியே, தார் வீதியிலேயே நடந்து திரும்புங்கள். மறித்த இடத்தில் வீதியோரமாகப் பதுங்கி இருப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் மிதிவெடி பற்றிப் படித்த பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இன்னொரு விடயம். சீருடையில் உள்ள பொலிசாரோ படையினரோ மறித்தால் நில்லுங்கள். சந்தேகப்பட்டு வேகமாக ஓட்டித் தப்ப முயல்வது பெரும் ஆபத்து. சீருடை இல்லாமல், "நாங்கள் சிஐடி" என்று சொல்லி வாகனத்தைக் கேட்பவர்களிடம் அடையாள அட்டையைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். "பொலிஸ் நிலையத்துக்கு நானே ஓட்டி வாறன்" என்று சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆயுதம் காட்டினால் மேலே சொன்னபடியே நடவுங்கள்.

பறிபோன பிறகு

119க்கு அழையுங்கள். பிறகு கிட்டிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள், என்ன மொழியில் பேசினார்கள், யாருக்காவது தழும்போ பச்சையோ இருந்ததா என்பதை மறக்குமுன் ஒரு கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் வாசித்து விளக்கம் கேட்காமல் கையெழுத்து வையாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக் கம்பனியும் லீசிங் கம்பனியும் முதலில் கேட்பது அதைத்தான். அவர்களுக்கும் தாமதிக்காமல் அறிவியுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பத்திரம் இல்லாத வாகனம்

எங்களிடம் வரும் முறையீடுகளில் மனதை உறுத்துவது இதுதான். "ஓப்பன் பேப்பர்" என்று சொல்லி, பதிவை மாற்றாமல், கையெழுத்துப் போட்ட படிவங்களோடு மட்டும் வாகனம் கைமாறுகிறது. விலை குறைவு என்று வாங்கிவிடுகிறார்கள். பறிபோகும்போது, பதிவுப் புத்தகத்தில் இருப்பது முன்னைய உரிமையாளரின் பெயர். இறுதி யுத்தத்தில் வாகனத்தைக் கைவிட்டு வந்தவர்கள், ஆவணம் இல்லாமல் "இது என்ர" என்று நிரூபிக்கப் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. வாங்கும்போதே செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் உரஞ்சியோ, திரும்ப அடித்தோ இருந்தால் அந்த வாகனமே வேறொருவரிடம் இருந்து களவாடப்பட்டதாக இருக்கலாம். வாங்கினால் உடனே பெயரை மாற்றுங்கள்.

தவணை பிந்தியதற்காக வீதியில் மறித்து வாகனத்தைக் கொண்டுபோகும் ஆட்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கம்பனியின் ஆள் என்று வாயால் சொல்வது போதாது. கம்பனியின் கடிதத்தைக் கேளுங்கள், கிளைக்கு அழைத்து உறுதிப்படுத்துங்கள், பொலிஸ் நிலையத்தில் வைத்துப் பேசுவோம் என்று சொல்லுங்கள். கம்பனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு திருடனும் வரலாம். இரண்டு தவணை பிந்தும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுவது, வீதியில் நின்று பேசுவதைவிட எவ்வளவோ இலகு.

வீட்டில் இன்று செய்ய

பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். செசி இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வீட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்புங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு தூர ஹயரையும் எழுதுங்கள்: எங்கே ஏற்றினேன், எங்கே போகிறேன், எத்தனை பேர். எழுத நேரம் இல்லையென்றால் தரிப்பிடத்தில் நிற்கும் அடுத்த ஓட்டோக்காரரிடம், பயணிகளுக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். காட்டு வீதிக்கு முன் பெற்றோல் அடியுங்கள். எத்தனை மணிக்குள் வராவிட்டால் வீட்டுக்காரர் யாருக்கு அழைப்பது என்று இன்று இரவே பேசி, அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.